மாங்கட்டை கேட்டுப் போனவன்

அப்பாவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தது புதுச்சேரியில். அதைத் தாங்கிக்கொண்டார். டயட்டீஷியன் கொடுத்த ஒரு பக்கக் காகிதத்தைத்தான் தாங்க முடியவில்லை. வறுவல் கிடையாது, அப்பளம் கிடையாது, ஊறுகாய் கிடையாது. எண்ணெய் என்றால் தாளிக்க ஒரு ஸ்பூன். சேத்தியாத்தோப்புக்கு பஸ் ஏறிப் போய், வறுத்த விரால் மீனை நின்றுகொண்டே தின்றுவிட்டு, மீன் திங்கவே போகாதவர் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வருகிற மனுஷன் அவர். ஆஸ்பத்திரியில் வேகவைத்த மீனைத் தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

கூட இருந்த அக்கா போனில் சொன்னாள். "மூணு நாளா வெறும் கஞ்சிதாண்டா. அதுலயும் பாதி. இப்படித் தின்னு உயிரோட இருக்கணும்னா அந்த டாக்டரே இருந்துக்கட்டும்ங்கறாரு. டாக்டர் பின்னாடியேதான் நின்னுகிட்டு இருந்தாரு."

திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். வீட்டைக் கழுவிவிட, போர்வை துவைத்து வைக்க, அம்மா மட்டும் முன்னதாகவே விருத்தாசலம் வந்துவிட்டாள். வந்தவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. போன் அடித்தால் எடுக்க மாட்டாள். என்னிடம் நீட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். நான் "கேஸ் புக்கிங்மா" என்று சொன்ன பிறகுதான் அவள் தோள் இறங்கும். ஒரு தடவை சோறு போட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"எதுவா இருந்தாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாது, சொல்லிட்டேன். ஆம்பளைங்களா கூடிப் பேசி முடிவு பண்ணிட்டு, கடைசில வந்து என்கிட்ட சொல்ற கதையே வேணாம்."

"ஒண்ணும் ஆவாதும்மா. ஆப்பரேஷன் முடிஞ்சிட்டுது. இனிமே சாப்பாடுதான் பிரச்சனை."

அந்தச் சாப்பாட்டுப் பிரச்சனையை நான் தீர்க்கிறேன் என்று முடிவு பண்ணினேன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு லெட்டர் வரும் என்று நாலு மாதமாகக் காத்திருக்கிறவனுக்கு வேறு என்ன வேலை. சென்னையில் கடைசி வருஷம் படிக்கும்போது ஒரு சீனியர் மொட்டை மாடியில் பழைய பீப்பாய் ஒன்றை வைத்து பார்பிக்யூ போட்டான். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை. நெருப்பு மேலே ஒரு பிடி மரச்சில்லைப் போட்டு மூடிவிட்டான். அந்தப் புகையிலேயே கோழி வெந்து, வாசனை ஏறி, நாங்கள் எலும்பைக்கூட விடவில்லை. எண்ணெய் இல்லாத ருசி. அப்பாவுக்கு வேண்டியது அதுதானே.

பீப்பாய் கிடைத்துவிட்டது. அப்பா சூளை வேலை பார்க்கிற செராமிக் யூனிட்டில் கேட்டு ஒரு இரும்பு டிரம் வாங்கி வந்தேன். பழைய சூளையைப் பிரித்தபோது வந்த செங்கல் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வருஷக்கணக்காகக் கிடக்கிறது. எவ்வளவு சூட்டுக்கும் அசராத கல். அதை அடுக்கி டிரம்மை மேலே உட்கார வைத்தேன். பீங்கான் வேகவைக்கிற சூளைத் தட்டு ஒன்று, ஓரம் உடைந்தது, மூடியாகப் பொருந்திவிட்டது.

மரச்சில்லில்தான் மாட்டிக்கொண்டேன். நெட்டில் பார்த்தால் ஆப்பிள் மரம், செர்ரி மரம் என்கிறார்கள். விருத்தாசலத்தில் செர்ரி என்றால் கேக் மேலே வைப்பதுதான். ஆர்டர் போட்டால் வர பத்து நாள். சரி, அவர்கள் சொல்கிற விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம் என்று எடுத்துக்கொண்டேன். கெட்டி மரமாக இருக்க வேண்டும், பழ மரம் என்றால் நல்லது, பிசின் இருக்கக் கூடாது, நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். இதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மரங்களுக்கு நான் பரீட்சை வைத்தேன். பரீட்சைக்கு உட்கார்ந்தது உருளைக்கிழங்கு. கோழியை வீணாக்க முடியாது.

முதலில் யூனிட்டில் பீங்கான் சாமான் அனுப்புகிற பெட்டிப் பலகை. கிழங்கைக் கடித்தால் புதுசாக பெயின்ட் அடித்த கதவை நக்கியது மாதிரி இருந்தது. வேம்பு வேண்டாம் என்று தெரிந்தும் போட்டேன், கஷாயம். தைலமரம் போட்ட கிழங்கைத் தின்றால் எனக்கு ஒரு வாரமாக இருந்த மூக்கடைப்பு சரியானது. அவ்வளவுதான் லாபம். அடுத்தது முந்திரி. எங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் முந்திரிதானே, பழமும் உண்டு, கொட்டையும் உண்டு, இதைவிட எது பொருத்தம் என்று ஒரு கூடை சில்லு அள்ளிப் போட்டேன். அதோடு யாரோ கொட்டி வைத்திருந்த முந்திரித் தோடும் சேர்ந்து போய்விட்டது. மூடியைத் திறந்து எட்டிப் பார்த்ததுதான் தெரியும். கண் இரண்டும் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரிந்தது. உதடு வீங்கிவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது.

"முந்திரித் தோட்டைக் கொளுத்துவியாடா? அந்தப் பால் பட்டாலே தோலு வெந்துடும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவினாள். "நாலு வருஷம் படிச்சானாம்."

பக்கத்து வீட்டுக் கொய்யாக் கிளை பச்சை. வெள்ளைப் புகையாகக் கக்கியது. கடைசியில் யூனிட் சுவர் ஓரம் எப்போதோ முறிந்து விழுந்து காய்ந்துபோன மாமரக் குச்சி ஒரு கைப்பிடி கிடைத்தது. சீவிப் போட்டேன். மெல்லிசாக, நீலமாக ஒரு புகை வந்தது. கிழங்கு லேசாக இனித்தது, பின்னால் ஒரு சுட்ட வாசனை. நின்ற இடத்தில் நாலு கிழங்கு தின்றேன். இதுதான். முடிந்தது தேடல். ஆனால் குச்சியும் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜங்ஷன் ரோட்டில் இருக்கும் விறகுக்கடைக்குப் போனேன். என் கோலத்தைச் சொல்லிவிட வேண்டும். கண் இரண்டும் கோவைப்பழம். ஒரு வாரத் தாடி. குரல் வெளியே வரவில்லை. சட்டை முழுக்கப் புகை நாற்றம்.

கடைக்காரர் ஒரு கல்யாணச் சமையல்காரரோடு சவுக்குக்கட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. நான் போய் நின்று கேட்டேன்.

"அண்ணே, மாங்கட்டை இருக்குதா? நல்லா காஞ்சதா வேணும்."

சத்தம் அப்படியே நின்றுவிட்டது. கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். சமையல்காரர் ஒரு அடி தள்ளி எனக்கு வழி விட்டார்.

"இருக்குது தம்பி" என்றார் கடைக்காரர், சண்டைக் குரல் போய் வேறு ஒரு குரலில். "காஞ்சதுதான் தருவேன். அந்த விஷயத்துல நான் தப்பு பண்ண மாட்டேன். செராமிக் எஸ்டேட்டு பின்னால, சூளைக்காரரு வூடுதானே நீ?"

"ஆமாண்ணே. எவ்ளோ வேணும்னா..."

"அதெல்லாம் நீ சொல்ல வேணாம். எனக்குத் தெரியும். நாளைக்கிக் காலைல பத்து மணிக்குள்ள வந்து எறங்கிடும். நீ போ, போய் அம்மாகூட இரு."

காசு கொடுக்க போனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து மூடினார். "எல்லாம் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம் தம்பி."

எங்கள் ஊரில் இப்படி ஒரு கஸ்டமர் சர்வீஸா என்று எனக்கு உள்ளே கூவ வேண்டும் போல இருந்தது. "ரொம்ப தேங்க்ஸ்ணே, போயிட்டு வரேன்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரி சுருங்கியது. தலையை மட்டும் ஆட்டினார். வண்டியை எடுக்கும்போது சமையல்காரர் பேரம் பேசாமல் காசு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது.

அம்மாவிடம் சொல்லவில்லை. கட்டை வந்து இறங்கட்டும், சர்ப்ரைஸ்.

சனிக்கிழமை காலை நான் பின்பக்கம் டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா முன்பக்கம் அப்பாவின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். வண்டி வந்து நிற்கிற சத்தம், அப்புறம் கட்டை விழுகிற சத்தம், தொம் தொம் என்று. நிறைய விழுந்தது. இவ்வளவு எதற்கு என்று நினைத்தபடி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் ஓடினேன்.

வாசலில் ஒரு குட்டியானை லாரி. இரண்டு ஆள், சத்தம் போடாமல், ஒருத்தரோடு ஒருத்தர் பேசாமல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு மாங்கட்டை. அம்மா ஈரப் போர்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் புடவையில் ஒழுகி, கால் வழியாக இறங்கி, அவள் காலையில் போட்ட கோலத்தில் ஓடியது. அவள் கட்டையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

சர்ப்ரைஸ் உடைந்துவிட்டதே என்று நான் சிரித்தேன்.

அடி விழுந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு அம்மா என்னை அடித்ததில்லை. காது கொய்யென்றது. அந்தக் கொய் சத்தத்தோடு திரும்பியபோதுதான் வண்டியிலிருந்து கடைசியாக இறங்கியதைப் பார்த்தேன். இரண்டு சாக்கு வரட்டி. இரண்டு பச்சை மூங்கில், ஆள் நீளத்துக்கு.

பச்சை மூங்கிலில் என்ன கட்டுவார்கள் என்று நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவனுக்கும் தெரியும்.

விவரம் முழுக்க எனக்குப் பிற்பாடு தெரிந்தது. எங்கள் பக்கம் மாங்கட்டையை அடுப்புக்கு வாங்க மாட்டார்கள். யாகத்துக்குச் சுள்ளியாக வாங்குவார்கள், இல்லை சுடுகாட்டுக்குக் கட்டையாக. வீட்டு ஆண்பிள்ளை வந்து மாங்கட்டை என்று கேட்டால் கடைக்காரர் யாருக்கு என்று கேட்க மாட்டார், எவ்வளவு என்று கேட்க மாட்டார், காசு கேட்க மாட்டார். கேட்காமல் இருப்பதுதான் மரியாதை. வாங்க என்றும் சொல்வதில்லை. வாங்கியவன் போயிட்டு வரேன் என்றும் சொல்வதில்லை. சூளைக்காரர் புதுச்சேரியில் படுத்திருப்பது ஊருக்கே தெரியும். மகன் கண் சிவந்து, குரல் கட்டி, தாடியோடு வந்து நிற்கிறான். அவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். மரியாதை தெரிந்தவர், கேட்கவில்லை.

"அம்மா, இது அப்பாவுக்கு இல்லமா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கோழி சுடறதுக்கும்மா. சத்தியமா."

அம்மாவுக்குக் காது அடைத்துவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. போர்வையை மடியில் வைத்துப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் தீர்ந்த பிறகும். பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார், கட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஒரு குடம் தண்ணீரை எடுத்து மிச்சமிருந்த கோலத்தில் ஊற்றிவிட்டார். அதைப் பார்த்துத்தான் அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் எழுத முடியாது.

"இரும்மா, நீயே பேசு" என்று புதுச்சேரியில் இருந்த அக்காவுக்குப் போன் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. அப்பா போன் ஸ்விட்ச் ஆஃப்.

மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

அதற்குள் யூனிட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் இருக்கிற சித்தப்பா மாதிரியான ஒருவர், கையில் மண்கூடக் கழுவாமல் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்.

"நேத்திக்கே தெரியுமாமேடா. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா."

"இல்ல சித்தப்பா, அப்பா நல்லா இருக்காரு. நான் கோழிக்குத்தான் கட்டை கேட்டேன்."

அவர் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "சரிப்பா. சரி. உக்காரு. யாராவது இவனுக்குத் தண்ணி குடுங்கப்பா."

யாருமே நம்பவில்லை. அப்பா செத்த அதிர்ச்சியில் பையனுக்கு மூளை பிசகிவிட்டது, கோழி கோழி என்கிறான் என்று பின்னால் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. சேர் வந்தது. எங்கிருந்து என்று தெரியாது, சிவப்பு பிளாஸ்டிக் சேர் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தது. பெண்ணாடத்திலிருந்து மாமா போன் பண்ணி, கிளம்பிட்டேன், எடுக்கறது எப்போ என்று கேட்டார்.

இருபத்தோரு தடவை அக்காவுக்குப் போன் போட்டேன். எனக்கு எண்ணிக்கை தெரிகிறது, போனில் இன்னும் இருக்கிறது. பத்தாவது தடவைக்கு மேல் எனக்கு ஒன்று நடந்தது. இத்தனை பேர் சொல்கிறார்கள். இவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒருவேளை நேற்றே ஏதோ நடந்து, அக்கா என்னிடம் சொல்ல முடியாமல், யாருக்கோ சொல்லி, அது கடைக்காரர் காதுக்கும் போய், அதனால்தான் அவர் எழுந்து நின்றாரோ. அதனால்தான் அம்மாகூட இரு என்றாரோ. நான் கேட்டதால் கட்டை வந்ததா, வர வேண்டிய கட்டையை நான் போய்க் கேட்டேனா. மாமரத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தவன் நான். வேறு எந்த மரமும் சரிப்படவில்லையே, ஏன்?

அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அழுதேன். நானே கிளப்பிய புரளிக்கு நானே அழுதேன் என்று இப்போது சொல்லலாம். அப்போது அது புரளி இல்லை. அந்த வாசலில் எங்கள் அப்பா இறந்துவிட்டார்.

போன் அடித்தது. அக்கா. அம்மா வழக்கம் போல என் முகத்தைப் பார்த்தாள். பச்சை பட்டனை அழுத்தவே கை வரவில்லை. சித்தப்பா வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னடா, இத்தினி மிஸ்டு கால்? ஸ்கேன் ரூம்ல போன் எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு வெளிய வாங்கி வெச்சிகிட்டாங்க. அம்மாவுக்கு என்னாச்சு?"

சேர் இழுக்கிற சத்தம்கூட இல்லை.

"டேய். அம்மாவுக்கு என்னாச்சுன்னு கேக்கறேன்."

பின்னால் ஒரு குரல், எரிச்சலாக. "யாரு அது? அவன்கிட்ட சொல்லு, வரும்போது ஒரு எலுமிச்சங்கா ஊறுகா பாக்கெட்டு மறைச்சி எடுத்தாரச் சொல்லு."

சித்தப்பா போனைக் கீழே போட்டுவிட்டார். அம்மா அதைப் பொறுக்கிக் காதில் வைத்தாள், ஸ்பீக்கரில் இருப்பதே தெரியாமல்.

"சாப்ட்டீங்களா?" என்றாள்.

"எங்க சாப்டறது. கஞ்சி."

"சரி. குடிங்க. அந்தக் கஞ்சிய முழுசா குடிங்க." போனை வைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் அழுதாள், அரை மணி நேரம். சேரில் இருந்த யாருக்கும் எழுந்து போகிற தைரியம் வரவில்லை.

மத்தியானம் விறகுக்கடைக்காரர் வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். அம்மாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தப்பு எம்மேலதாம்மா. ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"அவன் போன லட்சணம் அப்படி" என்றாள் அம்மா. "திருப்பி ஏத்திக்கிட்டுப் போயிடுங்க."

அவர் துண்டை முறுக்கினார். "இந்தக் காரியத்துக்குன்னு எறக்குன கட்டைய திருப்பி ஏத்தறது வழக்கம் இல்லம்மா. கடைக்கும் ஆவாது, உங்களுக்கும் ஆவாது. நாங்க ஏத்திக்கிட்டுப் போனா, திரும்ப எடுத்தாருவோம்னு ஆயிடும்."

வாசலில் வைத்திருப்பதும் ஆகாது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வேப்பூர் பக்கம் எதாவது ஓட்டலுக்குத் தள்ளிவிடலாம் என்றார் ஒருவர். சுடுகாட்டிலேயே கொண்டு போட்டுவிடலாம் என்று சித்தப்பா வாயெடுத்தபோது அம்மா எழுந்தாள்.

"அங்க ஒரு குச்சி போகக் கூடாது. அவரு பேர்ல வந்த கட்டை. அவரு இருக்கறப்பவே எரியணும். அவரு திங்கற சோத்துக்கு எரியணும். ஒரு சில்லு பாக்கி இல்லாம." என் பக்கம் திரும்பினாள். "அந்த டிரம்மைத் தூக்கியாந்து முன்னால வை. எரி பாக்கலாம்."

வரட்டியை வெந்நீர் அடுப்புக்கு ஒதுக்கினாள். மூங்கிலை அவளே கொடுவாளை எடுத்துப் பிளந்தாள். ஆள் நீளத்துக்கு இருந்த மூங்கில் ஒரு மணி நேரத்தில் கோழித்துண்டு குத்துகிற குச்சியாகக் குவிந்து கிடந்தது. நான் மாங்கட்டையைச் சில்லாகக் கொத்திக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு கட்டையைத் தொடும்போதும் கை கூசியது. அம்மாவுக்குக் கூசவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா வந்தார். காரிலிருந்து அக்கா தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். அவரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று தெரு முழுக்கப் பேசி வைத்திருந்தோம். வாசலில் டிரம்மில் நீலப் புகை. மூங்கில் குச்சியில் கோழி, தயிரும் மிளகும் இஞ்சியும் போட்டு, எண்ணெய் காட்டாமல். சுவர் ஓரம் அடுக்கி வைத்த கட்டை.

முப்பது வருஷம் சூளை முன்னால் நின்றவர். கட்டையைப் பார்த்தார். கிட்டே போய் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார்.

"மாங்கட்டை" என்றார். "யாருக்குடா இது?"

மூன்று நாளாக யாருமே கேட்காத கேள்வி. கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அக்கா என் காலை மிதித்தாள். அம்மாவிடம் மறைக்கக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு அறை வாங்கியிருந்தேன். இவரிடம் எதற்கு மறைக்க.

"உங்களுக்குதாம்பா."

முழுக்கச் சொன்னேன். கோலம், சேர், மாமா, ஊறுகாய் எல்லாம். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அம்மா அலறிக்கொண்டு ஓடினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சிரிப்பு. தையல் போட்ட ஆள் மாதிரி, வலிக்காமல் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"யாரு யாரு வந்தாங்க?" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. சொன்னேன். "யூனிட்டு மேஸ்திரி வரலியா?"

"வரலப்பா."

"அவனுக்கு மட்டும் கறி கெடையாது."

சிவப்பு சேர் ஒன்றை டிரம் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா முதல் துண்டைக் குச்சியிலிருந்து உருவி, ஊதி, அவர் தட்டில் வைத்தாள். அவர் கடித்தார். மென்றார். ஆஸ்பத்திரி மீனைத் தட்டோடு திருப்பி அனுப்பிய மனுஷன். நாங்கள் எல்லாரும் அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு இல்ல" என்றார். அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினார்.

சேரில் வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குக் கறி. மறுநாள் செவ்வாய்க்கிழமை, எங்கள் வீட்டில் கறி கிடையாது. அம்மா காலையிலேயே ஒரு கூடை கத்திரிக்காயோடு வந்து டிரம்மைத் திறந்தாள். கட்டை இன்னும் நிறைய இருந்தது.